பயந்த மனசும் மூளை அலைப் பயிற்சியும்

வாசகர் கேள்வி பதில்

‘நியூரோஃபீட்பேக்’ என்ற மூளை அலைப் பயிற்சி பற்றி வட சென்னை வாசகர்களிடமிருந்து கடிதங்கள் தொடர்ந்து வருகின்றன. அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். பதில் எழுதியவர்கள் ஒரு மனநல மருத்துவரும் ஒரு மருத்துவ உளவியலாளரும்.

என் வீட்டுக்காரர் விசைப்படகுல தொழிலுக்குப் போய்வந்தவர். போன வருஷம் படகு கவிழ்ந்து, கூடப் போனவர் ஒருத்தர் இவர் கண்ணெதிரே முழுகிட்டார். பதினோரு மாசம் ஆச்சு. துறைமுகம் பக்கமே போறதில்ல. ராத்திரி அலறிக்கிட்டு எழுந்திருக்கிறார். பிள்ளைங்க சிரிச்சு விளையாடினாக்கூட எரிஞ்சு விழறார். மாமியார் ‘பயந்த கோளாறு’ன்னு மந்திரிச்சுத் தாயத்து கட்டினாங்க. இப்ப தெரிஞ்சவங்க, மூளைக்குப் பயிற்சி குடுக்கிற இடம் இருக்கு, 40 தடவை போனா சரியாயிடும்னு சொல்றாங்க. போகலாமா? தலைக்குக் கரண்ட் வைப்பாங்களா?
– வாசகி, காசிமேடு

சகோதரி, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம். கரண்ட் வைக்கமாட்டார்கள். மார்பில் ஒயர் ஒட்டி இ.சி.ஜி. எடுப்பது போல, தலையில் சென்சார் ஒட்டி மூளையின் மின்னலையைப் படிப்பார்கள். உள்ளே எதையும் செலுத்துவதில்லை. படித்த அலையைத் திரையில் படமாகவோ காதில் ஒலியாகவோ அவருக்கே காட்டுவார்கள். குறிப்பிட்ட அலை வேண்டிய பக்கம் நகர்ந்தால் படம் ஓடும், விலகினால் மங்கும். திரும்பத் திரும்பப் பார்க்கப் பார்க்க மூளை அந்தப் பக்கம் பழகும் என்பதுதான் இதன் அடிப்படை.

உங்கள் மாமியார் சொன்ன ‘பயந்த கோளாறு’ தவறான பேச்சல்ல. அவர் கண்டது நிஜமான நோய்தான். மருத்துவத்தில் அதற்கு பி.டி.எஸ்.டி. என்று பெயர், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு. உயிருக்கு ஆபத்தான ஒன்றைக் கண்ட பிறகு நான்கு விதமான தொல்லைகள் ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் கெடுத்தால் இதைச் சந்தேகிப்போம். நடந்தது கனவாகவும் நினைவாகவும் திரும்ப வருவது ஒன்று. நினைவூட்டும் இடத்தைத் தவிர்ப்பது இரண்டாவது. மனம் மரத்துப்போவது, ‘என்னாலதான் அவன் செத்தான்’ என்று தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்வது மூன்றாவது. தூக்கமின்மை, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுவது, சிடுசிடுப்பு நான்காவது. நீங்கள் எழுதியதில் மூன்று இருக்கின்றன. குற்ற உணர்வு இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். கடலில் தப்பி வந்தவர்களிடம் அது பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

போகலாமா? முதல் படியாக வேண்டாம். ராயபுரம் பக்கத்திலேயே இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவுக்கு முதலில் அழைத்துப் போங்கள். கட்டணம் கிடையாது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கும் போகலாம். 1794-இலிருந்து இயங்கிவரும் நிறுவனம் அது. ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று ஊர் பேசுமே என்ற அச்சத்தில் எத்தனையோ குடும்பங்கள் வருடக்கணக்கில் காத்திருந்து நோயை முற்றவிட்டிருக்கின்றன. நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

பி.டி.எஸ்.டி.க்கு மிக நன்றாகச் சோதிக்கப்பட்ட சிகிச்சை, அந்தச் சம்பவத்தையே பாதுகாப்பான முறையில் எடுத்துப் பேசும் உளவியல் சிகிச்சைதான். சம்பவத்தைக் கட்டம் கட்டமாகச் சொல்லிப் பழகுவது, அதைப் பற்றிய தவறான முடிவுகளைத் திருத்துவது, கண் அசைவோடு நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். என்று பல வகைகள் உண்டு. பெரும்பாலும் 8 முதல் 16 அமர்வுகள் பிடிக்கும். மாத்திரையில் செர்ட்ரலின் போன்றவற்றுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

அப்படியானால் நியூரோஃபீட்பேக்? அது பொய்யில்லை, ஆனால் இன்னும் முழுதாக நிறுவப்படவில்லை. பெஸல் வான் டெர் கோல்க் குழு 2016-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில் 52 பேர் இருந்தார்கள். குறைந்தது ஆறு மாத உளவியல் சிகிச்சைக்குப் பிறகும் குணமாகாதவர்கள் அவர்கள். வாரம் இருமுறை என 24 அமர்வு பயிற்சி பெற்றவர்களில் 22 பேரைக் கடைசியில் மதிப்பிட்டபோது 6 பேருக்குத்தான் பி.டி.எஸ்.டி. மிஞ்சியிருந்தது. காத்திருப்புப் பட்டியலில் இருந்த 22 பேரில் 15 பேருக்கு நோய் அப்படியே இருந்தது. நல்ல முடிவுதான். ஆனால் ‘சும்மா காத்திருந்தவர்களோடு’ ஒப்பிட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வாரம் இரண்டு முறை ஒருவர் அக்கறையாக உட்காரவைத்துக் கவனித்ததே பாதி மருந்தாக இருந்திருக்கலாம். கனடாவில் ரூத் லேனியஸ் குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பாதிப் பேருக்குப் பொய்ப் பயிற்சி (அவர்களுடைய அலையோடு தொடர்பில்லாத படம்) கொடுத்தே ஒப்பிட்டார்கள். வாரம் ஒன்று வீதம் 20 அமர்வு. உண்மைப் பயிற்சி பெற்றவர்களிடம் அறிகுறிகள் குறைந்தன. ஆனால் குழு மிகச் சிறியது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் ஆய்வு ஆல்ஃபாவை (விநாடிக்குப் பத்து முறை பக்கம் ஏறி இறங்கும் மூளை அலை) ஒட்டிய அலையை ஏற்றப் பழக்கியது, இரண்டாவது ஆல்ஃபாவை இறக்கப் பழக்கியது. தலையில் தொட்ட இடமும் வேறு. எதிரெதிராகப் போன இரண்டு வழியும் பலன் தந்ததாகத் தெரிகிறது என்றால், எது வேலை செய்கிறது என்பது இன்னும் பிடிபடவில்லை என்றுதான் பொருள். ஆகவே ‘40 தடவையில் சரியாகிவிடும்’ என்ற வாக்குறுதியை யார் தந்தாலும் நம்பாதீர்கள். பேச்சு சிகிச்சையை அவரால் தாங்க முடியவில்லை, அல்லது முழுதாகச் செய்தும் பாதிதான் குறைந்தது என்றால், அதனோடு சேர்த்து இதை முயலலாம்.

அப்படிப் போகும் நாள் வந்தால் ஒன்றை மறக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள். மூளை அலை வேண்டிய பக்கம் நகர்ந்தால் கேட்கும் பரிசு ஒலியாகக் கடல் அலையோசை வைப்பது வெகுநாள் வழக்கம். கண்ணை மூடிய நிலையில், காதுக்குள் கடல். உங்கள் வீட்டுக்காரருக்கு அது மருந்தாகாது. புல்லாங்குழல் வைக்கச் சொல்லுங்கள், மணியோசை வைக்கச் சொல்லுங்கள். கடல் வேண்டாம்.

ஒரு அமர்வில் உண்மையில் என்னதான் நடக்கும்? முடியை எடுக்கணுமா? சரியாகச் செய்கிறார்களா என்று எங்களைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், பெரம்பூர்

முடியை எடுக்க வேண்டாம். எண்ணெய் வைக்காமல் போனால் போதும். நம் ஊரில் பதிவு அடிக்கடி கெடுவது தேங்காய் எண்ணெயால்தான். தோலுக்கும் சென்சாருக்கும் நடுவே எண்ணெய் படலமாக நின்றால் அலை வந்து சேராது. அன்று காலை ஷாம்பு போட்டுக் குளித்து, கண்டிஷனர் தவிர்த்து, முடியை நன்றாக உலர்த்திப் போங்கள். வியர்வையும் எதிரிதான். மே மாதப் புழுக்கத்தில் பேருந்தில் போய் இறங்கியவுடனே ஒயர் மாட்டினால் கோடு அலையலையாக ஏறி இறங்கும். பத்து நிமிடம் குளிர்ந்த அறையில் உட்கார்ந்த பிறகு தொடங்கச் சொல்லுங்கள்.

முதலில் டேப். மூக்கின் மேல் பள்ளத்திலிருந்து பின்தலை மேட்டெலும்பு வரையும், காதிலிருந்து காது வரையும் அளந்து, 10 சதவீதம், 20 சதவீதம் எனப் பிரித்து இடம் குறிப்பார்கள். பி.டி.எஸ்.டி.க்கு அதிகம் பயன்படும் இடங்களில் வலது காதுக்குச் சற்று மேலே உள்ள டி4, வலப்பக்கப் பின் உச்சியில் உள்ள பி4, நடுப் பின் உச்சியில் உள்ள பிஇசட் ஆகியவை உண்டு. அளக்காமல் கண்மதிப்பில் ஒட்டினால் அதுவே முதல் குறை.

பிறகு நறநறப்பான ஜெல்லால் அந்த இடத்தைத் தேய்த்து, கொண்டைக்கடலை அளவு பேஸ்ட் வைத்து சென்சாரை அழுத்துவார்கள். குறைந்தது மூன்று ஒயர் வேண்டும்: அளக்கும் இடத்துக்கு ஒன்று, ஒப்பிட ஒன்று, தரைக்கு (எர்த்) ஒன்று. அடுத்து தோலுக்கும் சென்சாருக்கும் நடுவே உள்ள மின்தடையைப் பார்ப்பார்கள். 5 கிலோ ஓமுக்குக் கீழே இருப்பது நல்லது. சில புதிய கருவிகள் 10 வரை சமாளிக்கும். ‘எண்ணைக் காட்டுங்கள்’ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தலைத்தோலுக்கு வந்து சேரும் மூளை அலை சில பத்து மைக்ரோவோல்ட்தான். ஒரு மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பக்கத்தில் போன் சார்ஜர் செருகியிருந்தால்கூட வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 50 முறை) இரைச்சல் அதை மூழ்கடித்துவிடும்.

இப்போது நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனை. திரையில் கோடு ஓடும்போது இரண்டு முறை கண்ணைச் சிமிட்டுங்கள். நெற்றிக்கு அருகே உள்ள சென்சாரில் பெரிய மேடு எழும். பல்லைக் கடியுங்கள். டி4-இல் கோடு தடித்துப் புல்தரை மாதிரி ஆகும். கண்ணை மூடி அரை நிமிடம் இருங்கள். பெரும்பாலோருக்குப் பின்தலையில் 10 ஹெர்ட்ஸ் பக்கம் ஆல்ஃபா எழும்பும். மனித மூளை அலையை முதலில் பதிவுசெய்த ஹான்ஸ் பெர்கர் 1929-இல் எழுதியதே இந்த அலையைப் பற்றித்தான். இந்த மூன்றில் எதற்குமே கோடு அசையவில்லை என்றால் அந்தக் கருவி உங்கள் தலையைப் படிக்கவில்லை.

பல் கடிக்கும் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். டி4 சென்சார் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே தாடையை அசைக்கும் தசை இருக்கிறது. பி.டி.எஸ்.டி. உள்ளவர்கள் தெரியாமலே தாடையை இறுக்கி வைத்திருப்பார்கள். அந்த இறுக்கம் 20 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள வேக அலை போலப் பதிவாகும். வேக அலையைக் குறைக்கும் பயிற்சி என்று சொல்லிக்கொண்டு, கடைசியில் தாடையைத் தளர்த்த மட்டும் பழக்கிவிட்டு அனுப்புவது நடக்கிறது. தாடை தளர்வதும் நல்லதுதான். ஆனால் மூளைப் பயிற்சி என்று அதற்குப் பணம் வாங்கக் கூடாது. பல்லோடு பல் படாமல், உதட்டை மட்டும் மூடி உட்காருங்கள். தெரபிஸ்ட் தசை இரைச்சலைத் தனியாகக் கண்காணித்து, அது ஏறும்போது பரிசை நிறுத்த வேண்டும்.

பயிற்சி 3 முதல் 5 நிமிடச் சுற்றுகளாக நடக்கும். எல்லாம் சேர்த்து 15 முதல் 30 நிமிடம். டி4–பி4 முறையில் வழக்கமாக 10–13 ஹெர்ட்ஸ் பக்கம் பரிசு வைத்துத் தொடங்கி, உங்கள் உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்த்து அரை ஹெர்ட்ஸ், அரை ஹெர்ட்ஸாக நகர்த்துவார்கள். ‘நான் என்ன செய்யணும்?’ என்று எல்லோரும் கேட்பார்கள். வலிந்து எதுவும் செய்யக் கூடாது. முயன்றால் உடம்பு இறுகும், அலை ஓடிப்போகும். படத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள், அது ஓடும்போது உடம்பு எப்படி இருந்தது என்று மட்டும் கவனியுங்கள்.

பரிசு வாசல் என்று ஒன்று உண்டு. அலை எந்த அளவைத் தாண்டினால் படம் ஓட வேண்டும் என்ற கோடு. மொத்த நேரத்தில் ஏறக்குறைய 60–70 சதவீதம் பரிசு கிடைக்கும்படி வைப்பது வழக்கம். பல மென்பொருள்களில் இதைத் தானியங்கியாக விடலாம், அங்கேதான் தொல்லை. நீங்கள் தூங்கி வழிந்தாலும் கோடு தானாக இறங்கி வந்து 65 சதவீதப் பரிசைத் தந்துவிடும். திரை பச்சையாகவே இருக்கும், கற்றது ஒன்றும் இருக்காது. ‘வாசலைத் தானாக விடுகிறீர்களா, கையால் வைக்கிறீர்களா?’ என்று கேளுங்கள். சுற்று தொடங்கியபின் அதை நிலையாக வைத்திருப்பவரிடம் நம்பிக்கை வைக்கலாம்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இன்றைக்கும் டாய்லெட் கழுவும் திரவ வாசனை வந்தால் மூச்சு அடைக்கிறது. பார்லரில் முடிச்சாயம் கலக்கும்போது எழுந்து ஓடிவந்துவிட்டேன். உளவியலாளர் ஒருவரிடம் நியூரோஃபீட்பேக் போகிறேன். ஆறு அமர்வு ஆகிறது. கெட்ட கனவு கூடிவிட்டது, தலைவலி வேறு. நிறுத்திவிடவா?
– வாசகி, எண்ணூர்

உடனே அவரிடம் சொல்லுங்கள், அடுத்த அமர்வுவரை பொறுக்க வேண்டாம். தலைவலி, அசதி, எரிச்சல், தூக்கம் கெடுவது ஆகியவை இந்தப் பயிற்சியில் வரக்கூடியவைதான். பரிசு அலைவரிசை உங்களுக்கு அதிகமாக இருந்தால் படபடப்பும் தூக்கமின்மையும் வரும். குறைவாக இருந்தால் மந்தமும் சோர்வும் வரும். அரை ஹெர்ட்ஸ் நகர்த்தியோ சுற்று நேரத்தைப் பாதியாக்கியோ இதைச் சரிசெய்ய முடியும். அமர்வு முடிந்த இரவும் மறுநாள் காலையும் தூக்கம், கனவு, தலைவலி, கோபம் நான்கையும் 0 முதல் 10 வரை மதிப்பிட்டு நோட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். அந்த நோட்டு இல்லாமல் அலைவரிசையை மாற்றுவது குருட்டு வேலை.

நீங்கள் பெறுவது ‘ஆல்ஃபா–தீட்டா’ வகையா என்று கேளுங்கள். கண்ணை மூடித் தூக்கத்தின் விளிம்புவரை இறக்கும் முறை அது. வியட்நாம் போர்வீரர்களிடம் பெனிஸ்டனும் குல்கோஸ்கியும் 1991-இல் செய்த ஆய்வால் பேர் பெற்றது. அந்த விளிம்பில் பழைய காட்சிகள் தாமாக மேலே வரும். அவற்றை ஏந்திக்கொள்ள, அதிர்ச்சி சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆளைத் தனியே உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, அடுத்த அறைக்குப் போகிறார்கள் என்றால் அந்த முறையை நிறுத்துங்கள். உங்கள் நிலையில் கண்ணைத் திறந்து செய்யும் பயிற்சியிலிருந்து தொடங்குவதுதான் பாதுகாப்பு.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது இன்னொரு சந்தேகம் வந்தது. சென்சார் ஒட்டும் முன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட், அறை துடைக்கும் திரவம் இரண்டுமே நெடியுள்ளவை. அமர்வு தொடங்கும் முன்பே உங்கள் உடம்பு 2023-க்குப் போய்விடலாம். ஸ்பிரிட் இல்லாமல் நெடியற்ற ஜெல்லால் மட்டும் துடைக்கச் சொல்லுங்கள். தரையை முந்தைய நாள் மாலையே துடைத்துவிடச் சொல்லுங்கள். கனவு கூடியதற்கு இதுவே காரணமாக இருக்கவும் வாய்ப்புண்டு.

நடந்தது மறுபடி நடப்பது போலவே ஆகி இருக்குமிடம் மறந்துபோனாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள். இரவானால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

ஒரு சென்டரில் ‘பிரெய்ன் மேப்பிங்’ எடுத்து, சிவப்பும் நீலமுமாய்ப் படம் காட்டி, ‘இந்தச் சிவப்புதான் உங்கள் மகனின் பி.டி.எஸ்.டி.’ என்றார்கள். 30 அமர்வுக்கு முழுப் பணத்தையும் முன்னதாகக் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

கட்டாதீர்கள் ஐயா. பி.டி.எஸ்.டி.யை எந்த மூளை அலைப் படமும் கண்டுபிடித்துச் சொல்லாது. நேரில் பேசி, கேள்வி கேட்டுத்தான் அதை முடிவு செய்கிறோம். அந்தப் படம் காட்டுவது, மற்றவர்களின் சராசரியிலிருந்து உங்கள் மகனின் அலை எங்கே விலகுகிறது என்பதை மட்டுமே. தூங்காத இரவு, காலையில் குடித்த காபி, மாத்திரை, இறுகிய கழுத்துத் தசை எல்லாமே அங்கே சிவப்பாகும்.

அதற்குப் பதிலாகக் காகிதக் கேள்வித்தாள் ஒன்று கேளுங்கள். பெரியவர்களுக்கு பி.சி.எல்–5 என்று உண்டு. 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 80. 31–33-க்கு மேல் போனால் நோய் இருக்க வாய்ப்பு அதிகம், விரிவாகப் பார்க்க வேண்டும். தொடங்கும் முன் ஒன்று, பிறகு நான்கைந்து அமர்வுக்கு ஒன்று எனப் பதிவு செய்யுங்கள். 10 மதிப்பெண் குறைந்தால் அது கணக்கில் கொள்ளத்தக்க முன்னேற்றம். 10–12 அமர்வு முடிந்தும் எண் அப்படியே நின்றால் தொடர்வதில் பொருளில்லை. முழுப் பணம் கட்டியிருந்தால் இந்த முடிவை உங்களால் எடுக்க முடியாது. ஐந்து அமர்வுக்கு மட்டும் கட்டுங்கள்.

யார் செய்கிறார் என்பதும் முக்கியம். நியூரோஃபீட்பேக் இயந்திரம் வாங்கி வைப்பது எளிது. மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு எண்ணைக் கேளுங்கள். ‘அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது’ என்பார்கள். அது எல்லாக் கருவிக்கும் பொருந்தாது. ‘பிரிஸம்’ என்ற கருவிக்கு 2023-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது, அதுவும் மற்ற சிகிச்சைக்குத் துணையாக. பக்கத்துக் கடையில் உள்ள வேறு இயந்திரத்துக்கு அந்தப் பெயரை ஒட்டவைக்க முடியாது. காப்பீடு இருந்தால், புறநோயாளி அமர்வுகளுக்குப் பணம் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் தலைப் பட்டை விற்கிறார்களே, வாங்கி வீட்டிலேயே செய்யலாமா?
– வாசகர், வியாசர்பாடி

பி.டி.எஸ்.டி.க்கு வேண்டாம். அவற்றின் சென்சார் பெரும்பாலும் நெற்றியிலும் காதுக்குப் பின்னும்தான் உட்காரும். நெற்றியில் கிடைப்பதில் கண் சிமிட்டலும் புருவச் சுளிப்பும் அதிகம் கலந்திருக்கும். பழைய காட்சி மேலெழுந்தால் வீட்டில் கைகொடுக்க ஆளுமில்லை.

காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று சொல்கிறோம். 4 விநாடி மூக்கால் இழுத்து, 6 விநாடி மெல்ல விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம். இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் சீராகி உடம்பின் பதற்றம் இறங்கும். நீரில் மூழ்கித் தப்பியவர்களுக்கும் புகை, வாயுவில் சிக்கியவர்களுக்கும் மூச்சைக் கவனிப்பதே பயத்தைக் கிளப்பலாம். அவர்கள் மூச்சை விட்டுவிட்டு, கண்ணைத் திறந்தபடி இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி, சுற்றிலும் தெரியும் ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லட்டும்.

செர்ட்ரலினும் இரவில் குளோனாசெபாமும் சாப்பிடுகிறேன். பயிற்சி தொடங்கினால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று அங்கே சொன்னார்கள்.
– வாசகி, தண்டையார்பேட்டை

அப்படிச் சொல்ல அவர்களுக்குத் தகுதி இல்லையம்மா. பதற்றத்தைக் குறைத்துத் தூக்கம் தரும் குளோனாசெபாமைத் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் தூக்கமின்மையும் வரும், வலிப்புகூட வரலாம். செர்ட்ரலினைச் சட்டென்று விட்டாலும் தலைசுற்றலும் படபடப்பும் வரும். குளோனாசெபாம் மூளை அலையில் வேகமான பீட்டாவைக் கூட்டும் என்பது உண்மை. அதனால் அதைப் பயிற்சி தருபவரிடம் மறைக்கக் கூடாது. நடுவில் அளவு மாறினால் அதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மாத்திரை செய்த மாற்றத்தைப் பயிற்சியின் பலன் என்று எழுதிவைப்பார்கள். பி.டி.எஸ்.டி.க்கு நீண்ட நாள் குளோனாசெபாம் நல்ல மருந்தில்லைதான். அதை எத்தனை வாரத்தில், எவ்வளவு எவ்வளவாக இறக்குவது என்று எழுதித் தந்த மருத்துவரிடமே கேளுங்கள். அடுத்த அமர்வுக்குப் போகும்போது மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.